விந்தகநஞ்சு, விரைநஞ்சு, மலடாக்கி: எது பொருந்தும்?

அன்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த மடல் இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். நேற்றிரவு வந்த மடலைப் பார்த்த பிறகு முடியவில்லை. பணியிடப் பாதுகாப்புக் கையேடு மொழிபெயர்க்கும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல். விந்தகத்தை, அதாவது விரையை, தாக்கி விந்தணு உருவாவதைக் கெடுக்கும் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர்? மூலத்தில் 'டெஸ்டிகுலர் டாக்சிகன்ட்' என்றும் 'கொனடோடாக்சின்' என்றும் மாறி மாறி வருகிறதாம். இதுவரை ஆண்மைநஞ்சு, மலடாக்கி, விந்துக்கொல்லி, விரைநஞ்சு என்று நான்கு சொற்கள் விழுந்திருக்கின்றன. நான்கும் எனக்கு இடறுகின்றன. பல ஆண்டு திசுவியல் ஆய்வகத்தில் எலி விந்தகச் சீவல்களோடு மாரடித்தவன் என்பதால், எங்கே இடறுகிறது என்று சொல்லிப் பார்க்கிறேன்.

> ஆண்மைநஞ்சு என்றால் படிக்காதவருக்கும் சட்டென்று புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். 'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லை விளம்பர மருத்துவர்கள் எப்போதோ குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் மனத்தில் வருவது விறைப்பும் வேட்கையும். விந்தணு எண்ணிக்கை யாருடைய நினைவுக்கும் வராது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இந்தத் துறையிலேயே பெரிய சான்று டிபிசிபி கதைதான்.

டைபுரோமோ குளோரோபுரோப்பேன், சுருக்கமாக டிபிசிபி, மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்லப் பயன்பட்ட மருந்து. 1977-இல் கலிபோர்னியாவில் லேத்ராப் என்னும் ஊரில் அதைத் தயாரித்த ஆலையில், தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பிரிவில் வேலை பார்த்த பலருக்கும் சில ஆண்டுகளாகக் குழந்தையே பிறக்கவில்லை. விந்துப் பரிசோதனை செய்தார்கள். சிலரிடம் விந்தணுவே இல்லை, சிலரிடம் பெயருக்கு ஏதோ இருந்தது. எண்ணிக்கை அடியோடு விழுந்திருந்தவர்கள் குறைந்தது 3 ஆண்டுகள் அந்த மருந்தோடு புழங்கியவர்கள். எண்ணிக்கை நன்றாக இருந்தவர்கள் யாரும் 3 மாதத்தைத் தாண்டவில்லை.

இவ்வளவுக்கும் வெளியே பார்த்தால் அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. தாடி மீசை இருந்தது, தாம்பத்தியம் வழக்கம்போல் நடந்தது, இரத்தத்தில் ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது. எஃப்எஸ்எச் என்ற இயக்குநீர்தான் எகிறியிருந்தது. உற்பத்தி படுத்துவிட்டதால் பிட்யூட்டரி சுரப்பி மேலிருந்து விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஊர் 'ஆண்மை' என்று சொல்லும் எதுவும் கெடவில்லை, கெட்டது கருவளம். புட்டியில் 'ஆண்மைநஞ்சு' என்று ஒட்டியிருந்தால், "எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னும் நான்கு ஆண்டு அதைத் திறந்துகொண்டிருப்பார்கள்.

(இதே மருந்து கொடுத்த ஆய்வு விலங்குகளின் விந்தகம் சூம்பிப்போகிறது என்று 1961-லேயே கட்டுரை வந்தாயிற்று. அதைத் தொடங்கினால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும், இந்த இழைக்கு வேண்டாம்.)

> மலடாக்கி என்பதில் என்ன குறை? சிறிய சொல், வினை தெளிவாக இருக்கிறது.

சொல்லாக்கத்தில் குறை இல்லை. பூச்சிகளை இனப்பெருக்கம் செய்யவிடாமல் ஆக்கும் வேதிப்பொருளுக்கு அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மனிதனுக்கு வரும்போதுதான் தகராறு. மலடு என்றால் இனி இல்லை என்று பொருள். மலட்டு நிலம், மலட்டு மாடு என்று எங்கே சொன்னாலும் கதவு சாத்தியாயிற்று. ஆனால் விந்தகத்தைத் தாக்கும் பொருள்கள் பல கதவைச் சாத்துவதில்லை. சில மாதங்கள் பூட்டிவைத்துவிட்டுத் திறக்கின்றன. சில பொருள்கள் ஒருவருக்குத் திறக்கின்றன, மற்றவருக்குத் திறப்பதில்லை. பருத்திக்கொட்டையிலுள்ள காசிபால் அப்படிப்பட்டது. சீனாவில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்த ஊர்களில் குழந்தைப்பேறு குறைந்ததைக் கவனித்து, 1970-களில் அந்தக் காசிபாலையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகச் சோதித்துப் பார்த்தார்கள். 8,000 பேருக்கும் மேல் சாப்பிட்டார்கள். மாத்திரை வேலை செய்தது. நிறுத்தியபின் பெரும்பாலானவர்களுக்கு விந்தணு திரும்பியது, ஒரு பகுதியினருக்குத் திரும்பவே இல்லை. பொட்டாசியம் இறங்கும் தொல்லையும் சேர்ந்துகொள்ள, திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பொருளை மருந்து என்பதா, நஞ்சு என்பதா, மலடாக்கி என்பதா? முதல் இரண்டுக்கும் வழக்காடலாம். மூன்றாவது பாதிப் பேருக்கு மேல் பொய்.

மலடு என்ற சொல் யாரையெல்லாம் எப்படியெல்லாம் குத்தியிருக்கிறது என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆலைத் தொழிலாளியின் கையில் கொடுக்கும் கையேட்டில் அந்தச் சொல் இருந்தால், அவர் பரிசோதனைக்கே வரமாட்டார். 'கருவளக்குறைவு' என்றால் வருவார்.

விந்துக்கொல்லியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நொனாக்சினால்-9 போல, ஏற்கெனவே உருவாகி வெளியே வந்துவிட்ட விந்தணுவின் சவ்வைக் கரைத்துச் சாகடிக்கும் கருத்தடைப் பொருளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதையும் விந்தணுக்கொல்லி என்று சொல்வதே சரி. விந்து என்பது நீர்மம், விந்தணு என்பது அதில் நீந்தும் செல். விந்தணு ஒன்றுகூட இல்லாமலும் விந்து வரும். லேத்ராப் ஆலைக்காரர்கள் தங்கள் குறையைத் தாங்களாகக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

> விரை + நஞ்சு = விரைநஞ்சு. தூய தமிழ், இரண்டே அசை.

இதை முன்மொழிந்த ஐயா மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இருந்தாலும் சொல்லியாக வேண்டும். விரைநஞ்சு என்பதைப் பத்துப் பேரிடம் காட்டினால் ஒன்பது பேர் அதை வினைத்தொகையாகத்தான் பிரிப்பார்கள்: விரைந்த நஞ்சு, விரைகின்ற நஞ்சு, விரையும் நஞ்சு. 'சட்டென்று கொல்லும் விஷம்' என்று எண்ணிக்கொள்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறு, இந்த நஞ்சுகள் ஆமை வேகத்தில் வேலை செய்பவை. அந்தத் தாமதம்தான் இந்த விஷயத்தின் முடிச்சே, அதற்குப் பிறகு வருகிறேன். விரைக்கு மணம் என்றும் விதை என்றும் வேறு பொருள்கள் உண்டு. 'விரைப்பை' போலப் பழகிய சொற்களில் தொல்லையில்லை, புதுச்சொல்லில் தொல்லை.

ஆகவே என் முன்மொழிவு: பொருளுக்கு விந்தகநஞ்சு, விளைவுக்கு விந்தகக் கேடு.

விந்தகம் + நஞ்சு, மகரம் கெட்டு விந்தகநஞ்சு. தனியாக நிற்கும்போது நஞ்சு, இன்னொரு பெயருக்கு முன்னே வரும்போது நச்சு. மருந்து மருத்துப்பை ஆவதும் இரும்பு இருப்புப்பாதை ஆவதும் எப்படியோ, அப்படி நஞ்சு நச்சுப்பொருள் ஆகிறது. 'நச்சுக்கள்' என்று பன்மை போடுவோர் பெருகிவிட்டார்கள், காதில் கல் விழுகிறது. நஞ்சுகள் என்று எழுதுங்கள். வினையாகப் பார்த்தால் நச்சுதல் விரும்புதல் அல்லவா?

விளைவை 'நச்சுத்தன்மை' என்று சொல்லாமல் கேடு என்று ஏன் சொல்கிறேன்? விந்தகத்தைக் கெடுப்பவை எல்லாம் வேதிப்பொருள்கள் அல்ல. விந்தகம் உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும், அதனால்தான் அது பையில் வெளியே தொங்குகிறது. கடுமையான காய்ச்சல் வந்துபோனால் பின்வரும் வாரங்களில் எண்ணிக்கை இறங்கும். உலைக்கு முன்னே நின்று வேலை பார்ப்பவருக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பவருக்கும் இதே வகைப் பாதிப்பு வரலாம். காய்ச்சலை நஞ்சு என்றால் சிரிப்பார்கள். கேடு என்றால் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைக்கலாம். ஊறு, கேடு, நலிவு எல்லாம் நம்மிடம் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் '-தன்மை' ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

இனி, நேற்றிரவு வந்த மடல்.

> ஒரு சொல் போதும். எந்தச் செல்லைத் தாக்குகிறது என்பதெல்லாம் மருத்துவருக்கு, தொழிலாளிக்கு எதற்கு?

இங்கேதான் நான் முரண்படுகிறேன். எந்தச் செல் அடிபட்டது என்பதைப் பொறுத்துத்தான் கேடு எப்போது தெரியவரும், திரும்புமா திரும்பாதா என்பதெல்லாம் இருக்கிறது. தொழிலாளி கேட்கப்போகும் கேள்விகளும் அவைதானே? ஆகவே பொதுச்சொல்லுக்குக் கீழே கிளைச்சொற்களும் வேண்டும்.

விந்தகத்தை அறுத்துப் பார்த்தால் உள்ளே நுண்குழல்கள் சுருண்டு சுருண்டு கிடக்கும். எல்லாவற்றையும் பிரித்து நீட்டினால் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். குழலின் சுவரில் இரண்டு வகையினர் குடியிருக்கிறார்கள். விந்தணுவாக மாறப்போகும் வித்துச்செல்கள் ஒன்று, அவற்றை அணைத்து ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல்கள் மற்றொன்று. குழல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் லேடிக் செல்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும், டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது அவற்றின் வேலை. லேடிக் 1850-இலும் செர்டோலி 1865-இலும் விவரித்ததால் அவர்கள் பெயரே நின்றுவிட்டது.

செர்டோலி செல்லுக்கு நான் வகுப்பில் சொல்லிவந்த பெயர் செவிலிச்செல். ஈன்றவள் அல்லள், ஆனால் ஊட்டி வளர்ப்பவள். வளரும் வித்துச்செல்லைத் தன் மடிப்புகளுக்குள் ஏந்திக்கொண்டு, உணவு கொடுத்து, கழிவை விழுங்கி, முதிர்ந்ததும் விடுவிக்கிறது. செர்டோலி, செவிலி என்று ஓசையும் கைகோத்துக்கொள்வது தற்செயல்தான், ஆனாலும் மாணவர்கள் மறப்பதில்லை. மருத்துவமனைச் செவிலியரோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். 'செவிலிநஞ்சு' என்று எழுதினால் நிச்சயம் குழம்பும், துப்பறியும் கதைத் தலைப்பு மாதிரி இருக்கும். 'செவிலிச்செல் நஞ்சு' என்று செல்லை விடாமல் எழுதினால் போதும். செல்லா, கலமா, உயிரணுவா என்ற பழைய சண்டையை இங்கே திறக்க வேண்டாம். இலங்கை நண்பர்கள் செவிலிக்கலம் என்று எழுதிக்கொள்ளட்டும், ஒரு நட்டமும் இல்லை.

ஆய்வகத்தில் இந்த வித்தியாசம் கண்முன் தெரியும். விந்தகத்தைப் போயின் கரைசலில் ஊறவைப்போம். அதிலுள்ள பிக்ரிக் அமிலத்தால் திசு மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் வரும், விரல் நகமும் சேர்ந்து மஞ்சளாகும். சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் நல்ல குழல் ஒன்று வட்டமாக, அடுக்கடுக்காகத் தெரியும். சுவரை ஒட்டிப் பருத்த கருக்கள் இருக்கும், உள்ளே போகப் போக அவை சிறுத்து நீண்டு, நடுவில் வால்கள் சுழித்துக்கொண்டு நிற்கும். தாலேட் கொடுத்த இளம் எலியின் குழலில் அந்த அடுக்கு கலைந்திருக்கும். தாலேட் என்பது பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்கச் செய்யச் சேர்ப்பது. செவிலிச்செல்லுக்குள் வெற்றுக் குமிழிகள், குழலின் நடுவே வித்துச்செல்கள் ஒரு குவியலாகக் கிடக்கும். முதன்முதலில் பார்த்தபோது எல்லாம் செத்துவிட்டன என்றுதான் குறிப்பேட்டில் எழுதினேன். பக்கத்தில் இருந்த மூத்த ஆய்வாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "சாகலப்பா, பிடி விட்டுப்போச்சு" என்றார். தாலேட் அடித்தது செவிலியை. செவிலியின் உட்சட்டம் குலைந்ததால் கைப்பிடி தளர்ந்து, முதிராத பிள்ளைகள் கழன்று விழுந்துவிட்டன. ஹெக்சேன் என்ற கரைப்பான் உடலுக்குள் போய் மாறும் ஹெக்சேன்டையோனும் செவிலியைத்தான் பிடிக்கும், அதன் நுண்குழலிழைகளைச் சிக்கலாக்கிவிடும்.

இதனால் இரண்டு துணைச்சொற்களையும் பிரித்துவைக்க வேண்டியிருக்கிறது. வித்துச்செல் பிடிவிட்டு விழுவதற்குக் கழல்வு. செல் தன்னைத்தானே திட்டமிட்டு முடித்துக்கொள்ளும் அபாப்டோசிசுக்கு உதிர்வு. ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வாளர்கள் 1972-இல் அந்தச் சொல்லைக் கண்டபோது ஒரு கிரேக்கப் பேராசிரியரிடம் கேட்டுத்தான் வைத்தார்கள். கிரேக்கத்தில் அது மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் சொல். நமக்கு உதிர்வு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 'தன்னழிவு', 'செல் தற்கொலை' என்றெல்லாம் எழுதுகிறோம். வளரும் எந்த விந்தகத்திலும் மிகையான வித்துச்செல்கள் அன்றாடம் இப்படித்தான் கழிக்கப்படுகின்றன. அதில் தற்கொலை என்ன வந்தது?

அடுத்து, விதைநெல். குழல் சுவரின் ஓரத்தில், எல்லாவற்றுக்கும் வெளியே, தன்னையே புதுப்பித்துக்கொண்டு விந்தணுவுக்கும் ஆள் அனுப்பும் குருத்துச்செல்கள் இருக்கின்றன. அவை இருக்கும்வரை எத்தனை அறுவடை பொய்த்தாலும் மறு விதைப்பு உண்டு. அவையும் போனால் விதைநெல்லைத் தின்ற கதை. பியூசல்பான் போன்ற புற்றுநோய் மருந்துகள் இவற்றைத்தான் தாக்குகின்றன. அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கச் சொல்கிறார்கள். டிபிசிபியும் ஓரத்துச் செல்களைத் தாக்குவது. விந்தணு அறவே இல்லாமலும் எஃப்எஸ்எச் எகிறியும் இருந்த தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு வேலையை விட்ட பிறகும் எண்ணிக்கை திரும்பவில்லை. குருத்தைத் தாக்கும் இந்தப் பொருள்களைக் குருத்துநஞ்சு என்பேன்.

ஒருவர் 'இரத்தத்துக்கும் விந்தகத்துக்கும் இடையே தடுப்பு இருக்கிறதே, அது காப்பாற்றாதா' என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. குருதி–விந்தக அரண் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். அதைக் கட்டுவதும் செவிலிச்செல்கள்தான், பக்கத்துப் பக்கத்துச் செவிலிகள் இறுகக் கைகோத்து நிற்பதே அந்த மதில். மதிலுக்கு உள்ளே இருப்பவை பாதி வளர்ந்த வித்துச்செல்கள். குருத்துச்செல்களோ மதிலுக்கு வெளியே. கோட்டைக்குள் படை பத்திரமாக இருக்க, விதைநெல் திறந்தவெளியில் கிடக்கிறது.

லேடிக் செல்லைத் தாக்குவது இன்னொரு கணக்கு. ஈத்தேன் டைமீத்தேன் சல்ஃபோனேட் ஒரே ஒரு தவணை கொடுத்தால் எலியின் லேடிக் செல்கள் சில நாளில் மறைந்துவிடும், பிறகு சில வாரங்களில் முன்னோடிச் செல்களிலிருந்து புதிதாக முளைக்கும். டெஸ்டோஸ்டிரோன் விழுந்தால் விந்தணு உருவாக்கமும் பின்னாலேயே விழும். விந்தகத்துக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. 'ஆண்மை'யும் சேர்ந்து தொடப்படும் ஒரே கிளை இதுதான். ஆண்மைநஞ்சு முன்மொழிந்த அன்பர் விரும்பினால் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

எல்லாவற்றையும் செல்லின் பெயரால் பிரித்துவிட முடியுமா என்றால், முடியாது. காட்மியம் சொல்பேச்சுக் கேட்காது. 1950-களில் செக்கோஸ்லோவாக்கியாவில் எலிகளுக்குக் காட்மிய உப்பை ஊசியில் ஏற்றிப் பார்த்தபோது, ஓரிரு நாளில் விந்தகம் முழுவதும் அழுகிப்போனது. துத்தநாகம் சேர்த்துக் கொடுத்தால் தப்பியது. அந்த அளவில் காட்மியம் முதலில் பிடிப்பது விந்தகத்தின் இரத்தக்குழாய்களை. குழாய் கசிந்து அடைபட்டால் உள்ளே செவிலியாவது குருத்தாவது, ஒன்றும் மிஞ்சாது. சிறு அளவில் நெடுங்காலம் சேரும்போது அதே காட்மியம் செவிலிகளின் கைகோப்பைத் தளர்த்துகிறது. ஒரே நஞ்சு, அளவுக்கேற்ற வேலை. பொதுச்சொல்லில் 'செல்' வேண்டாம், 'விந்தகம்' மட்டும் போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் காட்மியம்தான்.

இப்போது அந்தத் தாமதம். மனிதனில் குருத்திலிருந்து விந்தணுவாக உருவெடுக்க ஏறத்தாழ 74 நாள், அதன்பின் விந்தகத்தை ஒட்டிச் சுருண்டிருக்கும் எபிடிடிமிஸ் என்ற குழலில் நீந்தக் கற்றுக்கொள்ள மேலும் ஒன்றிரண்டு வாரம். மொத்தம் மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு. இன்று பரிசோதனைக் குப்பியில் இருப்பது மூன்று மாதத்துக்கு முன் விதைத்தது. நஞ்சு கடைசிக் கட்டத்தைத் தாக்கினால் சில நாளிலோ வாரத்திலோ எண்ணிக்கை விழும். நடுக்கட்டத்தைத் தாக்கினால் ஒரு மாதம் போல எல்லாம் சரியாக இருக்கும், பிறகுதான் விழும். மீத்தாக்சி எத்தனால் என்ற கரைப்பான் இந்த நடுக்கட்ட வகை. இவ்வகைக் கரைப்பான்கள் கலந்த வண்ணம் பூசிய கப்பல் கட்டும் தளப் பணியாளர்களிடம் விந்தணுக்குறை பார்த்திருக்கிறார்கள். குருத்தைத் தாக்கினால் இரண்டு மாதத்துக்கு மேலும் ஒன்றும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் சோதித்துவிட்டு 'எல்லாம் நலம்' என்று சான்றிதழ் கொடுப்பது, நட்ட மறுநாள் வயலைப் பார்த்து விளைச்சல் எழுதுவதுபோல.

நண்பரே, இதற்கும் ஒரு சொல் உங்களுக்குத் தேவைப்படும். நஞ்சு பட்ட நாளுக்கும் கேடு தெரியும் நாளுக்கும் உள்ள இடைவெளி. 'மறைகாலம்' என்று மூன்றாம் மடலில் ஒருவர் எழுதியிருந்தார். நோய்க்கிருமி விஷயத்தில் அது புழக்கத்தில் இருப்பதால் எனக்குத் தயக்கம். கிருமி உள்ளே பெருகிக்கொண்டிருக்கும் காலம் அது, இங்கே பெருகுவது எதுவும் இல்லை, வரிசையில் முன்னே நின்றவர்கள் வெளியேறி முடிகிற காலம். வெளிப்படுநாள் எப்படி இருக்கிறது? 'இதன் வெளிப்படுநாள் 60 முதல் 90' என்று எழுதலாம்.

பரிசோதனை அறிக்கைச் சொற்களில் பெரும் சண்டை தேவையில்லை. விந்தணுவின்மை, விந்தணுக்குறை, அசைவுக்குறை, உருக்குறை. நான்கும் நேராகவே புரிகின்றன. குறைக்கு எல்லை எங்கே என்றால், உலக நல நிறுவனத்தின் 2021 கையேடு 1 மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்று கீழெல்லை சொல்கிறது. அதற்குக் கீழே இருந்தாலே பிள்ளை பிறக்காது என்று பொருள் இல்லை, அதையும் உங்கள் கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' பற்றி நடந்த கிளைச்சண்டையில் ஒரு வார்த்தை. விந்தணு பயணத்துக்குச் சுமையைக் குறைத்துக்கொண்டு கிளம்பும் செல். சைட்டோபிளாசத்தை உதறிவிட்டதால் தற்காப்பு நொதிகளும் குறைந்துவிட்டன, சவ்விலோ எளிதில் துருவேறும் கொழுப்பமிலங்கள் நிறைய. ஆகவே எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவங்கள் மிகையானால் விந்தணு சீக்கிரம் அடிபடும், உள்ளிருக்கும் டிஎன்ஏவும் நறுங்கும். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்று இருப்பதால் நாமும் அழுத்தம் என்கிறோம். படிப்பவர் மன அழுத்தம் என்று நினைத்துக்கொண்டு யோகாவுக்குப் போய்விடுகிறார். ஆக்சிஜன் நெருக்கடி என்றால் என்ன?

கையேட்டில் நம் சொற்கள் எப்படி உட்கார்கின்றன என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"இந்தக் கரைப்பான் ஒரு விந்தகநஞ்சு. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் செல்லும். வளரும் வித்துச்செல்களைத் தாக்கி விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். விறைப்பிலோ வேட்கையிலோ மாற்றம் தெரியாது; விந்துப் பரிசோதனையில் மட்டுமே தெரியும். கையாளத் தொடங்கும் முன் ஒருமுறையும், மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்."

உரக்கப் படித்தேன், நாக்கு எங்கும் தடுக்கவில்லை. 'வித்துச்செல்' என்பதை விதை என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற ஐயம் மட்டும் இருக்கிறது.

ஒரு ஓட்டை இன்னும் அடைபடவில்லை, அதைச் சொல்லாமல் போனால் யாராவது நாளை என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். ஆல்ஃபா குளோரோஹைட்ரின் என்றொரு பொருள் இருக்கிறது. குறைந்த அளவில் அது விந்தகத்தைத் தொடுவதே இல்லை. எபிடிடிமிசில் காத்திருக்கும் முதிர்ந்த விந்தணுவின் ஆற்றல் வழியை அடைத்துவிடுகிறது. எண்ணிக்கை அப்படியே இருக்கும், கருவூட்டும் திறன் இருக்காது. இதை விந்தகநஞ்சு என்று சொன்னால் தவறு. எபிடிடிமிஸ் என்பதற்கு நேர்ப்பொருள் 'இரட்டையின் மேல் இருப்பது', இரட்டை என்பது கிரேக்கருக்கு விந்தகம். நாம் அதன் இடத்தைவிட வேலையைப் பார்த்து முதிர்குழல் என்று வைக்கலாமா? முதிர்ந்த குழல் என்று வினைத்தொகையாகப் பிரிந்து, விரைநஞ்சுக்கு நான் சொன்ன குற்றமே என்மேல் திரும்புகிறது என்பது தெரிந்தே கேட்கிறேன். 'முதிர்விப்புக் குழல்' சரியான சொல், ஆனால் வாயில் நுழைய மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்று யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கையேடு அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறதாம்.

அன்புடன்,
சீவல்களோடு மாரடித்த பழைய ஆய்வகத்தான்